விண்கப்பல் மாதிரி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

போன மார்கழியில், வாடைக் காற்றோடு மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், எங்கள் திருகோணமலையின் உவர்மலைப் பக்கத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் பொலித்தீனில் சுற்றிய பெரிய சாமான் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். அவிழ்த்தால் ஸ்டார் வோர்ஸ் படத்து மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பல், விளையாட்டுச் சாமானாகச் செய்தது. லண்டனிலிருந்து வந்து போன ஒருவரிடம் வாங்கினாராம், 1979ஆம் ஆண்டுச் சாமான் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். விறாந்தை மேசையில் வைத்த கையோடு கேட்டார்: "அண்ணை, இது என்ன விலை போகும்?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இது எந்த வகைச் சாமான், எப்போது செய்தது, முழுசாக இருக்கிறதா, அசலா, எந்த நிலையில் இருக்கிறது, இதைத் தேடுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்த பிறகு விலை தானாகவே வந்துவிடும். இவை தெரியாமல் இணையத்தில் பெயரைப் போட்டு வருகிற எண்ணைப் பிடித்துக்கொண்டால், வாங்கும்போதும் ஏமாறுவீர்கள், விற்கும்போதும் ஏமாறுவீர்கள். அன்றைக்கு அந்தத் தம்பியோடு இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் வகையைப் பிரியுங்கள்

விண்கப்பல் மாதிரி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல வகை இருக்கிறது, ஒவ்வொன்றையும் பார்க்கும் விதம் வேறு.

உச்சியில் இருப்பவை படப்பிடிப்புக்கென்றே கையால் செய்தவை. கிரெக் ஜைன் என்ற மாதிரிக் கலைஞர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பில் கிடைத்த எக்ஸ்-விங் என்ற போர் விண்கலம் ஒன்று, 1977ஆம் ஆண்டு ஸ்டார் வோர்ஸ் படத்தில் பாவித்தது, 2023 ஒக்டோபரில் ஏலத்தில் 31 இலட்சத்து 35 ஆயிரம் டொலருக்குப் போனது. எங்கள் ஊரோடு ஒட்டுள்ள ஒரு கதையும் உண்டு. 1956இல் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்களில் ஒருவர் ஆதர் சி. கிளார்க். அதே மனிதர் ஸ்டான்லி கூப்ரிக்கோடு சேர்ந்து எழுதி 1968இல் வந்த "2001" படத்துக்காகச் செய்த மாதிரிகளில் பெரும்பாலானவை படம் முடிந்ததும் அழிக்கப்பட்டன. தப்பிய ஒன்று, ஏரிஸ் என்ற உருண்டையான நிலவு ஓடம், 2015இல் ஏலத்துக்கு வந்தபோது ஒஸ்கார் விருது வழங்கும் அக்கடமியே 344,000 டொலர் கொடுத்து எடுத்தது. இதெல்லாம் நம் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் "படத்தில் பாவித்த அசல்" என்று சொல்லி ஒருவர் உங்களுக்கு ஏதாவது விற்க வந்தால், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் கடதாசி இருக்க வேண்டும். இல்லையென்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

நாம் உண்மையில் சந்திப்பவை இவைதான்: தொழிற்சாலையில் செய்த விளையாட்டுச் சாமான்கள் (கென்னர், டிங்கி போன்றவை), நாமே பூட்டும் பிளாஸ்டிக் கிட்கள் (ஏஎம்டி, பண்டாய், ரெவல், மோபியஸ்), சஞ்சிகையோடு மாதாமாதம் வந்த காட்சி மாதிரிகள் (ஈகிள்மொஸ்), அப்புறம் லெகோ. விளையாட்டுச் சாமானில் முழுமையும் பெட்டியும் பெரிது. கிட்டில் பெட்டி திறக்கப்படாமல் இருப்பதோ, திறந்திருந்தால் எல்லாப் பாகமும் இருப்பதோ பெரிது. பூட்டி முடித்த கிட் என்றால் பூட்டியவரின் கைத்திறன்தான் விலை. ஒன்றின் அளவுகோலை மற்றதில் வைத்துப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும்.

என்னென்ன வேண்டும்

பெரிய செலவு இல்லை. நகைக்கடைக்காரர் பாவிக்கிற 10 மடங்கு பெருக்கும் சின்னக் கண்ணாடி, நல்ல டோர்ச், அளவுநாடா, சமையலறைத் தராசு, ஒரு காந்தம். காசுத்தாள் பார்க்கிற ஊதா நிற யூவி டோர்ச் கிடைத்தால் அதுவும். எல்லாவற்றையும்விட முக்கியம் பகல் வெளிச்சம். மஞ்சள் பல்புக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்திருப்பது தெரியாது. விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், காலை பத்து மணிக்குப் பாருங்கள். ஒருவர் இரவில்தான் காட்டுவேன் என்றால் அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

எப்போது செய்தது?

புதியவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. அடியில் அச்சடித்திருக்கும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டு, அதாவது அந்த வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. சாமான் அந்த ஆண்டில்தான் செய்யப்பட்டது என்று அது சொல்லவில்லை. ஒரே அச்சிலிருந்து பத்து, இருபது ஆண்டுக்குப் பிறகும் வார்த்தெடுப்பார்கள்.

தம்பியின் ஃபால்கன் அதற்குச் சரியான உதாரணம். கென்னர் முதலில் 1979இல் அதை வெளியிட்டது. பிறகு 1995இல் ஸ்டார் வோர்ஸ் பொம்மைகள் மறுபடி கடைக்கு வந்தபோது அதே பழைய அச்சைக் கொண்டே மறுபடியும் செய்தார்கள். பெட்டி இல்லாமல் தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பழையதில் ஒரேயொரு எச்சரிக்கைச் சத்தம்தான் வரும், 1995 வார்ப்பில் விளக்கும் பலவகைச் சத்தங்களும் உண்டு. பற்றரி போட்டுப் பார்த்தோம், மூன்று விதமாகச் சத்தம் வந்தது. தம்பியின் முகம் விழுந்துவிட்டது. அதுவும் சேகரிக்கத் தகுந்த சாமான்தான், ஆனால் 1979ஆம் ஆண்டுக்குரிய விலை அதற்கு இல்லை.

ஆகவே ஆண்டைக் கண்டுபிடிக்க அடியில் உள்ள எண்ணோடு, எந்த நாட்டில் செய்தது என்ற வரி, கம்பனியின் பெயர், பெட்டியில் உள்ள சின்னம், பற்றரி வகை, திருகாணி வகை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கம்பனிகளின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் வேலை சுலபம். டிங்கி செய்த லிவர்பூல் பின்ஸ் ரோட் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது, ஈகிள்மொஸ் 2022இல் வங்குரோத்தானது. மூடிய பிறகு "புதிதாக" வருவதை இரண்டு முறை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அளவுத் திட்டம்: ஒரு சின்னக் கணக்கு

1/72 என்றால் கதையில் சொல்லப்படும் உண்மையான நீளத்தில் 72இல் ஒரு பங்கு. ஃபால்கனின் நீளம் 35 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டால் 1/72 மாதிரி 48 சென்ரிமீற்றர் வரும், பண்டாய் 2017இல் வெளியிட்ட பெரிய கிட் அந்த அளவுதான். ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் முதல் என்டர்பிரைஸ் கப்பல் 289 மீற்றர். 1/1000 கிட் 29 சென்ரிமீற்றர் நீளமிருக்கும், 1/350 கிட் 82 சென்ரிமீற்றரைத் தாண்டும். விற்பவர் ஓர் அளவுத் திட்டத்தைச் சொல்லி நாடா வேறொன்றைச் சொன்னால், அவருக்குத் தன் சாமான் என்னவென்று தெரியவில்லை என்று அர்த்தம்.

விளையாட்டுச் சாமான்களில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கென்னர் பொம்மை மனிதர்கள் ஏறக்குறைய 1/18 அளவு. அதே அளவில் ஃபால்கன் செய்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் நீளம் வந்திருக்கும், எந்தப் பிள்ளையின் அறையிலும் அடங்காது. ஆகவே கப்பலைச் சுருக்கித்தான் செய்தார்கள். அது குறை இல்லை.

உடம்பைப் பாருங்கள்

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும். நான் ஒரு கப்பலுக்கு அரை மணித்தியாலம் எடுப்பேன்.

முதலில் நிறம். பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர், சூடு, பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள் எல்லாம் அதற்குக் காரணம் சொல்லப்படுகின்றன. கென்னரின் 1978 எக்ஸ்-விங் இதற்குப் பேர்போனது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக லேசாகப் பழுத்திருந்தால் பெரிய பாதகமில்லை. ஒரு பக்கம் மட்டும் பழுத்திருந்தால் ஜன்னலோரம் இருந்தது. ஓர் இறக்கை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது வேறொரு கப்பலிலிருந்து கழற்றிப் போட்டது. முழுவதும் சந்தேகமான வெள்ளையாக இருந்தால் ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெளுக்க வைத்திருக்கலாம். அப்படி வெளுத்தது மறுபடி பழுக்கும், சிலவேளை பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கும் வரும். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், வெளுத்ததைச் சொல்லி விற்கிறவரிடம் வாங்குவதில் தவறில்லை.

அதே எக்ஸ்-விங்கில் இன்னும் இரண்டு இடம்: ஆர்2-டி2 என்ற குட்டி ரோபோவின் தலையை அமுக்கினால் இறக்கை விரிய வேண்டும், இறக்கை நுனியிலுள்ள நீண்ட துப்பாக்கிகள் நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், உங்கள் கையிலேயே முறியும்.

கிட்களில் பாரத்தால் வரும் வளைவைப் பாருங்கள். 1966இல் ஏஎம்டி வெளியிட்ட என்டர்பிரைஸ் கிட்டில் பின்னாலுள்ள இரண்டு நீண்ட என்ஜின் குழாய்களும் காலப்போக்கில் தொங்கும் என்பது அதைப் பூட்டிய எல்லாருக்கும் தெரியும். முன்னிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், இரண்டும் ஒரே மட்டத்திலா? எங்கள் ஊர்ச் சூட்டில், கச்சான் காற்று அடிக்கிற ஆடி ஆவணியில், தகரக் கூரைக்குக் கீழே வைத்த மாதிரி ஒன்று ஒரே வருடத்தில் தலை சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உலோகக் கப்பல் என்றால் காந்தத்தை எடுங்கள். வார்ப்புக்குப் பாவிக்கும் துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது, திருகாணியிலும் வில்லிலும் ஒட்டும். அந்தத் திருகாணி துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். கடலிலிருந்து நூறு யார் தூரத்தில் இருபது வருடம் இருந்த சாமானின் வரலாறு முழுவதும் அந்தத் திருகாணித் தலையில் எழுதியிருக்கும்.

உலோகத்தின் பெரிய நோய் ஒன்று உண்டு. வார்க்கும்போது துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அழுக்கு கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உள்ளே இருந்து உலோகம் வீங்கி, வெடித்து, கடைசியில் ரஸ்க் மாதிரி உதிரும். ஈரமும் சூடும் அதை விரைவாக்கும். மருந்து இல்லை. ஒரு சின்ன உலோக விண்கலத்தை நான் தொடக்க காலத்தில் நல்ல காசு கொடுத்து வாங்கினேன். பெயின்ற் வெடித்திருக்கிறது என்று நினைத்தேன், மயிரிழை போலக் கோடுகள், மூக்குப் பக்கம் லேசான கொப்புளம். இரண்டு மாரி கழிந்தது. ஒரு நாள் அலுமாரியைத் துடைக்கத் தூக்கினேன், மூக்கு கையோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் சோறுபோல மணிமணியாக இருந்தது. அந்த மயிரிழைக் கோட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால், அது பெயின்றோடு நிற்காமல் உலோகத்துக்குள்ளேயே போவது தெரிந்திருக்கும். இப்போது எந்த உலோகக் கப்பலையும் டோர்ச்சைக் கிடையாகச் சாய்த்துப் பிடித்துத்தான் பார்க்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் வீக்கம் நிழல் காட்டும்.

பெயின்ற் பற்றி ஒரு சொல். தேய்ந்த அசல் பெயின்ற், அழகான புதுப் பெயின்றைவிட மதிப்புக் கூடியது. என் பெரியப்பா கப்பலில் வேலை செய்தவர். அவர் வெளிநாட்டுத் துறைமுகமொன்றில் வாங்கி வந்த டிங்கி என்டர்பிரைஸ் என்னிடம் இருக்கிறது, பிஸ்கட் தகரத்துக்குள் முப்பது வருடம் கிடந்தது. முன்னாலுள்ள வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பெயின்ற் கொத்துக் கொத்தாகப் போயிருக்கிறது, போன இடத்தில் உலோகம் மங்கிக் கறுத்திருக்கிறது. அந்தக் கறுப்புத்தான் பழைய காயம் என்பதற்குச் சாட்சி. புதிதாகச் சுரண்டினால் வெள்ளி மாதிரி மின்னும். தட்டின் மேல் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் சின்ன வட்டத் தகடுகளை அது எறிய வேண்டும், அடியிலே கதவைத் திறந்தால் குட்டி ஓடம் ஒன்று இருக்க வேண்டும். என்னுடையதில் பொறிமுறை வேலை செய்கிறது, ஓடம் இல்லை. பெயின்ற் அடிக்கச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள், நான் தொடவில்லை. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், 1974இல் தனக்கு வந்த தொலைக்காட்சித் தொடரின் 11 அடி என்டர்பிரைஸ் மாதிரியைத் திருத்தி 2016இல் மறுபடி காட்சிக்கு வைத்தது. அப்போது தட்டின் மேற்பக்கத்தில் எஞ்சியிருந்த அசல் பெயின்றை அப்படியே விட்டு, மற்றப் பகுதிகளுக்கு அதைப் பார்த்தே நிறம் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அசல் பெயின்றுக்கு அந்த மரியாதை.

மறுபெயின்றைக் கண்டுபிடிக்க ஓரங்களையும் பள்ளங்களையும் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ற் மெல்லியது, எழுத்துகளின் விளிம்பு கூராக இருக்கும். மேலே இன்னொரு பூச்சு வந்தால் புடைப்பெழுத்து மழுங்கும், திருகாணித் துவாரத்துக்குள் பெயின்ற் வழிந்திருக்கும். இருட்டறையில் யூவி டோர்ச் அடித்தால் பல பசைகளும் புதுப் பெயின்றும் சுற்றியுள்ள இடத்தைவிட வேறு மாதிரி மினுங்கும். முறிந்து ஒட்டிய இடம் கோடாகத் தெரியும்.

முழுசாக இருக்கிறதா?

பெரிய உடல் எல்லாரிடமும் மிஞ்சும். தொலைவது நகத்தளவுச் சாமான்தான், ஆகவே விலையும் அதில்தான் இருக்கிறது. ஃபால்கனில் மேலிருக்கும் வட்ட அன்ரனா, உள்ளே நூலில் தொங்கும் பயிற்சிப் பந்து, பற்றரி மூடி, இறங்கும் கால்கள். எக்ஸ்-விங்கில் விமானியின் கண்ணாடி மூடி. வாங்கப் போகும் மாதிரியின் முழுப் பட்டியலையும் முதலில் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

இல்லாத பாகத்துக்கு இப்போது புதிதாகச் செய்த மாற்றுப் பாகங்கள் நிறைய விற்கிறார்கள், முப்பரிமாண அச்சில் எடுத்தவையும் உண்டு. அவற்றைப் போட்டு அலுமாரியில் வைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். முப்பரிமாண அச்சில் எடுத்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் விரல் ரேகை மாதிரிப் படைபடையாகக் கோடு தெரியும். அசல் வார்ப்பில் அச்சிலிருந்து தள்ளிய வட்ட அடையாளங்கள் உள்பக்கம் இருக்கும்.

திறந்த கிட் என்றால் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டங்களை விளக்கப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டெக்கால் தாளை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்களின் தாளை, வெளிச்சத்தில் பிடியுங்கள். மஞ்சளாகியிருந்தால், வெடித்திருந்தால், தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். பண்டாய் கிட்களில் இந்தத் தலைவலி குறைவு, பசை இல்லாமல் பூட்டலாம், பிளாஸ்டிக்கே நிறத்தோடு வரும், டெக்காலோடு ஸ்டிக்கரும் கொடுப்பார்கள். முதல் கிட் வாங்குகிறவருக்கு 1/72 எக்ஸ்-விங்கைத்தான் நான் சொல்வேன்.

பெட்டி

பெட்டிக்கு இவ்வளவு விலையா என்று முதலில் எல்லாரும் கேட்பார்கள். பிள்ளைகள் பெட்டியைக் கிழித்துத்தான் கப்பலை எடுத்தார்கள், ஆகவே நல்ல பெட்டி கப்பலைவிட அரிது. மூலைகள், மடிப்பு, பழைய ஒட்டுநாடாவின் கறை, விலை ஸ்டிக்கர் உரித்த காயம், நனைந்து காய்ந்த அலை, இவற்றைப் பாருங்கள். மணந்தும் பாருங்கள். பூஞ்சண நாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும்.

போலிப் பெட்டியும் வருகிறது. கண்ணாடியைப் படத்தின் மேல் வையுங்கள். பழைய ஓஃப்செற் அச்சில் நாலு நிறப் புள்ளிகள் பூப்போல ஒழுங்காக அடுக்கியிருக்கும். வீட்டு இன்க்ஜெற்றில் எடுத்தது தெளித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். சிறு எழுத்துகளின் ஓரமும் காட்டிக்கொடுக்கும்.

வெளிநாடுகளில் ஏஎஃப்ஏ போன்ற தரப்படுத்தும் நிறுவனங்கள் 100 புள்ளிக்குள் மதிப்பெண் போட்டு அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்கின்றன. புதியவருக்கு அது தேவையில்லை. இங்கிருந்து அனுப்பி எடுக்கிற செலவுக்கு இன்னொரு கப்பல் வாங்கலாம்.

போலிகள்

லெகோவில் ஒரு நொடிச் சோதனை: ஒவ்வொரு குமிழின் தலையிலும் கம்பனியின் பெயர் இருக்கும். இல்லையென்றால் அது லெகோ இல்லை. லெபின் என்ற பெயரில் வந்த நகல்களைச் செய்தவர்களை 2019இல் சீனப் பொலிஸ் பிடித்தது, ஆனாலும் பழைய இருப்பு இன்னும் கைமாறுகிறது. அசல் பெட்டிக்குள் நகல் கட்டிகளைக் கலந்து விற்பதுதான் ஆபத்து, ஆகவே மேலே இருக்கும் ஒரு பிடியைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள்.

பிசினில் (ரெசின்) வார்த்த கிட்களில் நகலுக்கு நகல் எடுப்பார்கள். பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், ஆகவே நகல் அசலைவிடச் சில மில்லிமீற்றர் சின்னதாக இருக்கும், ஊசித்துளை போலக் காற்றுக் குமிழ்களும் கூடும். அளவுநாடா இங்கே மறுபடி உதவும்.

இப்போது விலை

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை. யாரும் எதையும் கேட்கலாம். ஈபேயில் "விற்றவை" என்று வடிகட்டி, கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் காசு கைமாறிய தொகைகளை எழுதுங்கள். உங்கள் சாமானின் அதே பதிப்பு, அதே நிலை, அதே முழுமை உள்ளவற்றை மட்டும். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிடுங்கள், நடுவில் இருப்பதுதான் சந்தை.

அப்புறம் எங்கள் பக்கத்துக் கணக்கு. விமானப் பார்சல் கம்பனிகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரித்து வரும் எண்ணையும் பார்க்கும், எது கூடவோ அதற்குக் காசு. 55க்கு 45க்கு 20 அளவுப் பெட்டி என்றால் 9.9 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோப் பிளாஸ்டிக்தான். அதற்கு மேல் சுங்க வரி. ஆகவே பெரிய கப்பல்களை வெளிநாட்டிலிருந்து பார்சலில் எடுப்பது பெரும்பாலும் கட்டாது. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருக்கும் மாமா, சித்தி யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் இடம் கேட்பதுதான் வழி, அதற்குச் சின்னச் சாமான்களே தோது.

டொலரையும் கவனியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. என்னிடமிருந்த சாமான்களின் ரூபாய் விலை இரண்டு மூன்று மாதத்தில் ஏறியது, கப்பல்கள் எதுவும் மாறவில்லை. அதைப் பார்த்து இது நல்ல முதலீடு என்று நினைத்துக் கடன் வாங்கி வாங்கியவர்களைத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விலை இறங்கவும் செய்யும். லெகோ 2007இல் விட்ட பெரிய ஃபால்கன் நிறுத்தப்பட்ட பிறகு விலை மேலே மேலே போனது. 2017இல் 7541 துண்டுகளோடு புதியது ஒன்று 800 டொலருக்கு வந்ததும் பழையதின் விலை விழுந்தது. பழைய பிளாஸ்டிக் கிட்களுக்கும் அதுவே கதை: ஓரோரா 1960களின் கடைசியில் செய்த "2001" நிலவுப் பஸ்ஸை மோபியஸ் மறுபடி வெளியிட்ட பிறகு, பூட்டி வைத்துப் பார்க்க விரும்பியவர்கள் பழையதைத் தேடவேண்டிய தேவை இல்லாமல் போனது. வாங்கும்முன் மறுவெளியீடு வந்ததா, வரப்போகிறதா என்று பாருங்கள்.

வாங்கிய பிறகு, இந்தக் கடற்கரையில்

வைத்திருக்கும் விதமும் மதிப்பில் ஒரு பங்குதான். திருகோணமலையில் எதிரிகள் நாலு: உப்புக் காற்று, ஈரம், வெயில், பூச்சி. மேற்குச் சுவரில் அலுமாரி வைக்காதீர்கள், பின்னேர வெயில் சுவரைச் சுட வைக்கும். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாரியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மட்டைப் பெட்டிகளைத் தரையில் வைத்தால் கறையான், சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரம்.

பூச்சிக்கு நப்தலின் உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கப்பல் அலுமாரிக்குள் அதைப் போடவே போடாதீர்கள். அதன் ஆவி கிட் செய்யும் பொலிஸ்ரைரின் பிளாஸ்டிக்கை இளக்கும், உருண்டை தொட்ட இடம் பள்ளமாகும். காய்ந்த வேப்பிலை போதும்.

பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்கலைன் பற்றரி என்றால், பஞ்சில் தேசிக்காய்ப் புளி தொட்டு மெதுவாகத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். தூசிக்கு மென்மையான தூரிகை. அழுக்கு என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியும், ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைத் தவிர்த்து.

அன்றைக்கு இருட்டும்வரை தம்பி என்னோடு இருந்தார். அவருடைய ஃபால்கனில் அன்ரனா இல்லை, பந்து இருந்தது, நூலும் இருந்தது. பற்றரித் தகடு சுத்தம், பிளாஸ்டிக் நன்றாகவே இருந்தது. கொடுத்த காசு கொஞ்சம் கூடத்தான் என்று சொன்னேன். விற்க மனமில்லை என்றார். தை பிறந்த பிறகு மாற்று அன்ரனா ஒன்றை வரவழைத்துப் பூட்டிவிட்டு எனக்குப் படம் அனுப்பினார். பற்றரிப் பெட்டி வெறுமையாக இருந்தது. அதற்குள் ஒரு சின்னக் கடதாசியை மடித்து வைத்திருந்தார்: "1995 வார்ப்பு. அன்ரனா புதிது, அசல் அல்ல."